டைகரைக் கொண்டாடும் உங்களுக்கு



ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவிலும் சென்னைப் புத்தகக் காட்சியிலும் காமிக்ஸ் அரங்கை விட்டு நகர மனமில்லாமல் நிற்பவர்கள் நீங்கள். ‘மின்னும் மரணம்’ முழுத் தொகுப்பாக வரப்போகிறது என்றதும், புத்தகத்தைக் கண்ணால் பார்க்கும் முன்பே பணம் கட்டி முன்பதிவு செய்தவர்கள். சாணித்தாளில் கறுப்பு வெள்ளையில் வந்த பழைய இதழ்களை இன்றும் பிளாஸ்டிக் உறை போட்டுப் பாதுகாப்பவர்கள். கௌபாய் நாயகர்களில் டெக்ஸா, டைகரா என்று யாராவது ஆரம்பித்துவிட்டால் விடிய விடியப் பேசச் சலிக்காதவர்கள். உங்கள் ஈடுபாட்டில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் கிடையாது. அதை நம்பித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை பேச்சிலும் டைகரை வரைந்தவரின் பெயர் வருவதே இல்லை. டைகரின் உடைந்த மூக்கைப் பற்றிப் பேசுகிறீர்கள். அவருடைய கூட்டாளி ஜிம்மியின் குடியைப் பற்றிப் பேசுகிறீர்கள். எந்தப் பாகத்தில் யார் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்று பக்கம் சொல்லிப் பேசுகிறீர்கள். அந்த மூக்கையும் அந்தக் குடிகாரக் கண்களையும் அந்தத் துரோகியின் உதட்டோரச் சுழிப்பையும் ஒரு மனிதர் மேசை முன்னால் குனிந்து உட்கார்ந்து வரைந்திருக்கிறார். கட்டத்தின் மூலையில் ‘ஜிர்’ என்று அவர் போட்ட கையெழுத்து இருக்கிறது. அதை எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்?

அதைவிட வலிப்பது இன்னொன்று. எப்போதாவது அவர் பெயர் அடிபட்டால், கூடவே ஒரு தீர்ப்பும் வந்துவிடுகிறது. “டைகரை வரைந்தவரைக்கும் நன்றாகத்தான் வரைந்தார். அப்புறம் மோபியஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு யாருக்கும் புரியாத எதையோ வரையப் போய்விட்டார்.” உங்களில் சிலர் இப்படிச் சொல்ல என் காதால் கேட்டிருக்கிறேன். ‘என் பெயர் டைகர்’ படித்துவிட்டு, “கதை முழுக்க டைகர் படுக்கையிலேயே கிடக்கிறாரே, இதுவா டைகர்?” என்று கோபப்பட்டவர்களும் உண்டு. அந்தக் கோபத்தின் பழியும் மோபியஸ் தலையில்தான் விழுந்தது.

இந்தத் தீர்ப்பை நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் டைகரில் சரிபாதி, மோபியஸ் இல்லாமல் பிறந்திருக்கவே முடியாது. இதற்குச் சாட்சி தேடி எங்கும் போக வேண்டாம், உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது.

‘மின்னும் மரணம்’ தொகுப்பை எடுங்கள். கிராண்ட் ஜனாதிபதியைக் கொல்ல நடக்கும் சதியில் டைகர் பலிகடாவாகிற பாகத்தைத் திறங்கள். அடுத்த பாகத்தில் அவர் அபாச்சேக்களோடு, அவர்களின் தலைவர் கோச்சிஸின் ஆட்களோடு வாழ்ந்துகொண்டிருப்பார். அந்த இரண்டு பாகங்களுக்கும் நடுவே ஒரே ஒரு தாள்தான் இருக்கிறது. ஆனால் முதல் பாகம் பிரெஞ்சில் வந்தது 1975-ல். அடுத்தது புத்தகமானது 1980-ல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கதையை மறந்து கோட்டை மட்டும் பாருங்கள். முதலாவதில் மை கனத்துக் கிடக்கும். இருட்டு, கூட்டம், நெரிசல். கட்டத்துக்குள் மூச்சு விட இடமிருக்காது. தூரிகையால் இழுத்த தடித்த கறுப்பு முகங்களில் பாதியை விழுங்கியிருக்கும். இரண்டாவதில் கோடு இளைத்திருக்கிறது. வானம் திறந்திருக்கிறது. பாறைக்கும் மனிதனுக்கும் நடுவே வெற்றிடம் விடுவதற்கு அந்தக் கை பயப்படவில்லை. வசனமே இல்லாமல் ஒரு குதிரைக்காரன் தொலைவில் போகிறான், நாம் அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

நடுவிலிருந்த அந்த ஐந்து ஆண்டுகளில் அந்த மனிதர் மோபியஸாக இருந்தார். ஆர்ஸாக்கை வரைந்தார். ‘ஹெர்மெட்டிக் கராஜ்’ தொடரை வரைந்தார். ஒரு சினிமாவுக்காக ஆயிரக்கணக்கில் படங்கள் வரைந்து தள்ளினார். அந்தக் கையோடு திரும்பி வந்துதான் அபாச்சேக்களின் மண்ணை நமக்குக் காட்டினார். நீங்கள் மெய்மறந்து படித்த அந்தப் பிற்பாதியில் மோபியஸை ஏற்கெனவே ரசித்துவிட்டீர்கள். பெயர் தெரியாமல் ரசித்தீர்கள், அவ்வளவுதான்.

அவர் பெயர் ழான் ழிரோ. பாரிஸை ஒட்டிய நோழான்-சுர்-மார்ன் என்ற ஊரில் 1938 மே 8-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட, தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். பாரிஸில் ஓர் ஓவியப் பள்ளியில் கொஞ்ச காலம் படித்தார். பிற்பாடு ‘வலேரியன்’ தொடரை வரைந்த மெஸியேரும் அங்கேதான் நண்பரானார். ஐம்பதுகளின் நடுவில், பையன் வயதில், மெக்சிகோவில் குடியேறியிருந்த அம்மாவைப் பார்க்கப் போனார். போனவர் சில வாரங்களில் திரும்பவில்லை. எட்டு மாதங்களுக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டார். அங்கே பாலைவனத்தைப் பார்த்தார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். டைகர் கதைகளின் பாலைவனம் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் கௌபாய் கதை வரைந்தவர்கள் ஏராளம். சினிமா பார்த்தும் புகைப்படம் பார்த்தும் வரைந்தவர்கள் பலர். ழிரோவின் பாலையில் வெயில் சுடுகிறது; தொண்டை வறள்கிறது. ‘தங்கக் கல்லறை’யை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். லக்னர் என்ற ஜெர்மானியன் சொல்லும் தங்கச் சுரங்கத்தைத் தேடி ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக அந்த மலைகளுக்குள் போகிறார்கள். பின்பாதியில் தண்ணீர் தீர்ந்துபோகிறது. பாறைகள் வெறும் பின்னணியாக இல்லாமல் எதிரியாகவே மாறிவிடுகின்றன. செங்குத்துச் சுவர்களின் இடுக்கில் கைவிடப்பட்ட பழங்குடிக் குடியிருப்புகள். மேலே எங்கோ ஒருவன் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கிறான். கீழே மனிதர்கள் எறும்பளவு. ஒரு பக்கத்தில் பாறையின் ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனிக் கோடாகப் போட்டிருப்பார். அந்தப் பக்கத்தை முதன்முறை நாம் சாணித்தாளில்தான் பார்த்தோம். அச்சு மங்கியிருந்தது, பல கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அப்படியும் அந்த வெயில் நம்மைச் சுட்டது. பிரெஞ்சில் அந்த இரண்டு பாகங்களும் 1972-ல் புத்தகமாயின. அரிசோனாவில் தொலைந்துபோன சுரங்கம் பற்றி உலவும் பழைய நாட்டுப்புறக் கதையைத்தான் கதாசிரியர் ஷார்லியே எடுத்து வளர்த்திருந்தார். அந்த வெயில் ழிரோவுக்கு மெக்சிகோ கொடுத்தது.

மெக்சிகோவிலிருந்து வந்த பிறகு ராணுவச் சேவை, அதில் ஒரு பகுதி அல்ஜீரியாவில். அது முடிந்து 1961 வாக்கில் பெல்ஜிய ஓவியர் ழிஜேயிடம் சீடராகச் சேர்ந்தார். ‘ஜெர்ரி ஸ்பிரிங்’ என்ற ழிஜேயின் கௌபாய் தொடரில் ஒரு கதைக்கு மை போட்டுக் கொடுத்தார். தூரிகையைத் துணிந்து இழுக்கும் வித்தை அங்கே கற்றதுதான். பிறகு ழான்-மிஷேல் ஷார்லியே எழுத, 1963 அக்டோபர் 31 தேதியிட்ட ‘பிலோத்’ வார இதழில் ‘நவாஹோ கோட்டை’ ஆரம்பமானது. நமக்கு அது ‘இரத்தக் கோட்டை’. நடிகர் பெல்மோந்தோவின் முகச்சாயலில் பிறந்த ஒரு லெப்டினன்ட். பிரெஞ்சில் புளூபெர்ரி, நமக்கு டைகர்.

‘இரத்தக் கோட்டை’ வைத்திருப்பவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். நான்காம் பாகத்தின் நடுப்பகுதியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சில பக்கங்களுக்குக் கை மாறியிருப்பது தெரியும். ழிரோ திடீரென மறுபடியும் மெக்சிகோவுக்குக் கிளம்பிவிட, பாதியில் நின்ற கதையைக் குரு ழிஜே உட்கார்ந்து வரைந்து கொடுத்த பக்கங்கள் அவை. ஆரம்பத்தில் சீடனின் கோடு குருவின் கோட்டுக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பதும், எங்கே விலக ஆரம்பித்தது என்பதும் ஒரே புத்தகத்துக்குள் கிடைக்கிறது. இதைப் பார்க்க ஓவியப் படிப்பு எதுவும் வேண்டாம்; பத்து நிமிடம் போதும்.

இப்போது ‘பெயரை மாற்றிக்கொண்டு போனார்’ என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். டைகர் பிறந்த அதே 1963-ல்தான் மோபியஸும் பிறந்தார். ‘ஹரா-கிரி’ என்ற நையாண்டி இதழில் ழிரோ அந்த ஆண்டே மோபியஸ் என்ற பெயரில் சிறு சிறு கதைகள் வரைந்தார். கணிதத்தில் வரும் மோபியஸ் பட்டையிலிருந்து எடுத்த பெயர் அது. ஒரு பட்டையை அரைச் சுற்று முறுக்கி நுனிகளை ஒட்டிவிட்டால், அதன் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போகும்போது விளிம்பைத் தாண்டாமலே மறுபக்கத்துக்கு வந்துவிடலாம். ஆக, டைகரை விட்டுவிட்டு அவர் மோபியஸிடம் போகவில்லை. முதல் நாளிலிருந்தே இருவரும் ஒரே மேசையில் இருந்தார்கள். ஒருவர் பத்து ஆண்டுகள் வாயைத் திறக்காமல் காத்திருந்தார்.

காத்திருந்தவர் பேசத் தொடங்கியது 1973-ல். ‘பிலோத்’ இதழில் சில பக்கங்களே கொண்ட ஒரு கதை வந்தது. ஓவியர் தன் குடும்பத்தோடு காரில் விடுமுறைக்குக் கிளம்புகிறார், வழி தவறி வேறொரு உலகத்துக்குள் போய்விடுகிறார். கறுப்பு வெள்ளை. தூரிகையைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்திருந்தார். பழைய செம்புத்தகட்டு அச்சுப் படங்களில் இருப்பதுபோல முடியிழைக் கோடுகள் ஆயிரக்கணக்கில் குறுக்கும் நெடுக்கும் ஓடும். ஆச்சரியம் என்னவென்றால், அந்தக் கதைக்கு அவர் போட்ட கையெழுத்து ‘ஜிர்’தான். நீங்கள் நம்பும் டைகர் ஓவியரேதான் அந்தக் கதவைத் திறந்தார்.

1974 கடைசியில் ழிரோ, ஃபிலிப் துரூய்யே, தியோன்னே, ஃபர்காஸ் ஆகிய நால்வரும் சேர்ந்து சொந்தமாகப் பதிப்பகம் தொடங்கினார்கள். அடுத்த மாதமே ‘மெத்தால் உர்லான்’ இதழ் வந்தது. அதில்தான் ஆர்ஸாக் பறந்தான். உயரமான தொப்பி அணிந்த, முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத ஒருவன், தோல் சிறகுகள் கொண்ட ஒரு பழங்காலப் பறவையின் முதுகில் உட்கார்ந்து பாழ்நிலத்தின் மேல் போகிறான். ஒரு வசனம் கிடையாது. ‘டுமீல்’ என்ற சத்தம்கூடக் கிடையாது. தலைப்பின் எழுத்துக்கூட்டல்கூட ஒவ்வொரு கதையிலும் மாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு கட்டத்தையும் அசல் தாளிலேயே வண்ணம் தீட்டி முடித்தார். அந்த நாளில் காமிக்ஸ் அச்சில் அது வழக்கமில்லை; கோட்டை வரைந்து கொடுத்தால் நிறத்தை இன்னொருவர் வேறு தாளில் போடுவார். ஆர்ஸாக்கில் கோடும் நிறமும் ஒரே கையிலிருந்து, ஒரே தாளில் வந்தன. 1976-ல் அது தனிப் புத்தகமானது.

டைகர் வாசகர்களான உங்களுக்குத்தான் இதைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். ஷார்லியேயின் டைகரில் வசனம் அதிகம். அவர் அபாரமான கதாசிரியர். ஒரு சதிக்குள் இன்னொரு சதியை வைத்து நூறு பக்கங்களுக்கு அப்பால் முடிச்சவிழ்ப்பதில் அவருக்கு இணை யாரும் இல்லை. ஆனால் அந்த வசனப் பலூன்கள் படத்தின் பாதி இடத்தை எடுத்துக்கொள்ளும். நாம் படிக்கிற வேகத்தில் கண் பலூனிலிருந்து பலூனுக்குத் தாவிவிடும், படம் ஓரத்தில் ஒதுங்கிவிடும். ஆர்ஸாக்கில் தாவ எதுவுமில்லை. கண் படத்திலேயே தங்கியாக வேண்டும். அப்போதுதான் அந்தக் கை எவ்வளவு செய்கிறது என்று தெரிகிறது. பறவையின் கழுத்து மடிப்பு, கல்லின் மேல் விழும் நிழலின் நிறம், தொலைதூரத்துக் கோபுரம் ஒவ்வொரு கட்டத்திலும் இம்மியளவு நகர்ந்து வருவது. ஒரு வாரம் ஆர்ஸாக்கோடு இருந்துவிட்டுத் திரும்பி ‘மின்னும் மரணம்’ படித்துப் பாருங்கள். பலூன்களுக்குக் கீழே இத்தனை ஆண்டுகளாகப் பார்க்காமல் விட்டது எவ்வளவு என்று தெரியும்.

‘ஹெர்மெட்டிக் கராஜ்’ இன்னும் துணிச்சல். மாதத்துக்கு இரண்டு மூன்று பக்கங்கள், முன்கூட்டியே போட்ட கதைத் திட்டம் எதுவும் கிடையாது. போன மாதம் எதை வரைந்தோம் என்பதையே சில சமயம் மறந்துவிட்டு அடுத்த மாதத்தை வரைந்தார். 1976 முதல் 1979 வரை இப்படியே ஓடியது. ஒரு பக்கம் கேலிச்சித்திர பாணியில் இருக்கும், அடுத்தது செதுக்குச் சித்திரம் போல இருக்கும். எனக்கு அதில் எல்லாமே பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நடுவில் சில அத்தியாயங்கள் தள்ளாடுகின்றன. ஆனாலும் வாரக் கெடுவுக்கும் கறாரான திரைக்கதைக்கும் கட்டுப்பட்டுப் பத்து ஆண்டுகள் உழைத்த ஒரு கை, தன்னை அவிழ்த்துவிட்டு என்னவெல்லாம் செய்ய முடியும் என்று தேடிய இடம் அது. டைகரின் பிற்காலப் பக்கங்களில் தெரியும் சுதந்திரம் இங்கே சம்பாதித்தது.

சினிமாக்காரர்கள் அவரைத் தேடி வந்ததை விரிவாகச் சொல்லப் போவதில்லை. இயக்குநர் ஜோடரோவ்ஸ்கி எடுக்க நினைத்து நின்றுபோன ‘டூன்’, விண்வெளி உடைகளை வடிவமைத்த ‘ஏலியன்’, 1982-ன் ‘ட்ரான்’, பிறகு ‘தி ஃபிஃப்த் எலிமென்ட்’. ‘பிளேட் ரன்னர்’ படத்தின் நகரத்துக்கு மோபியஸ் 1975-ல் வரைந்த ஒரு குறுங்கதை முன்மாதிரியாக இருந்ததும் ஊரறிந்தது. அந்த ‘டூன்’ தோல்வியின் மிச்சத்திலிருந்துதான் ஜோடரோவ்ஸ்கி எழுதி மோபியஸ் வரைந்த ‘இன்கால்’ வந்தது. 1981 முதல் 1988 வரை ஆறு பாகங்கள். முதல் பக்கத்திலேயே ஜான் டிஃபூல் என்ற சில்லறைத் துப்பறிவாளன், கிணறுபோல் ஆழ்ந்த ஒரு நகரத்தின் உச்சியிலிருந்து தலைகீழாக விழுந்துகொண்டிருக்கிறான். கீழே அமில ஏரி. கோழை, பொய்யன், குடிகாரன், ஆனாலும் அவனை விட்டுக்கொடுக்க மனம் வராது. டைகரையும் ஜிம்மியையும் நேசித்தவர்களுக்கு அவன் அந்நியனாக இருக்க மாட்டான். கதை ஓட்டமும் பிடிவாதமாகத் துரத்தும். மோபியஸ் என்றால் புரியாது என்று சொல்பவர்கள் இன்காலைத் திறந்ததே இல்லை என்பேன்.

ஜப்பானில் அனிமேஷன் இயக்குநர் மியாஸாகி ஆர்ஸாக்கைப் பார்த்து வியந்தார். அவருடைய ‘நௌசிகா’வில் அந்தப் பாதிப்பு உண்டு என்று அவரே சொன்னார். ழிரோ தன் மகளுக்கு நௌசிகா என்று பெயர் வைத்தார். 2004 கடைசியில் பாரிஸில் இருவரின் ஓவியங்களையும் சேர்த்து ஒரே கண்காட்சியாக வைத்தார்கள். அமெரிக்காவில் ஸ்டான் லீ எழுத, சில்வர் சர்ஃபரை வரைந்தார். உலகம் முழுக்க வரைபவர்கள் அவரை ஆசானாக வைத்திருக்கிறார்கள். அவர் வரைந்த ஒரு தொடரைப் பல ஆண்டுகளாகப் படித்துவரும் நாம் மட்டும் அவரைப் பாதியில் நிறுத்திவிடுவது நியாயமா?

‘என் பெயர் டைகர்’ மீதான உங்கள் கோபத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். 1989-ல் ஷார்லியே இறந்துவிட்டார். அப்போது பாதியில் நின்ற ‘அரிசோனா லவ்’ கதையை ழிரோவே எழுதி முடித்தார். அதன் பின் 1995 முதல் 2005 வரை டோம்ப்ஸ்டோன் நகரில் நடக்கும் அந்த ஐந்து பாகங்களை எழுத்தும் படமுமாகத் தனியாளாகச் செய்தார். சீட்டாட்ட மேசையில் முதுகில் சுடப்பட்ட டைகர் படுக்கையில் கிடக்கிறார், உண்மைதான். ஓகே கரால் சண்டை அவர் இல்லாமலே நெருங்கி வருகிறது. படுத்துக்கிடக்கும் மனிதர் தன் இளமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அறுபது வயதை நெருங்கிய ஓவியர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கூடவே வந்த தன் நாயகனுக்கும் நரை விழ அனுமதித்தார். டைகரை எப்போதும் ஓடவிட்டுக்கொண்டே இருந்தால் புத்தகம் இன்னும் விற்றிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. அந்தப் பாகங்களில் தெருக்களின் தூசியையும், ஜன்னல் வழியே படுக்கையில் விழும் வெளிச்சத்தையும் ஒரு தடவை பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கதை சில இடங்களில் இழுக்கிறது என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். வரைந்தவர் கெட்டுப்போனார் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்களுக்கு இன்னொரு செய்தி. கடைசி ஆண்டுகளில் ‘இன்சைடு மோபியஸ்’ என்று ஆறு தொகுதிகள் வரைந்தார். ஒரு வெட்டவெளிப் பாலைவனம். அதில் ஓவியரே ஒரு பாத்திரமாக நடந்து போகிறார். அவர் உருவாக்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து அவரிடம் பேசுகிறார்கள். ஆர்ஸாக் வருகிறான், ‘ஹெர்மெட்டிக் கராஜ்’ நாயகர் மேஜர் குரூபேர் வருகிறார், நம் டைகரும் வருகிறார். டைகரும் அவரை வரைந்தவரும் நேருக்கு நேர் சந்திக்கிற ஒரு புத்தகம் உலகத்தில் இருக்கிறது, அதைப் பற்றி நம் கூட்டங்களில் ஒரு வார்த்தை பேச்சில்லை. 2012 மார்ச் 10-ல், 73 வயதில், ழிரோ பாரிஸில் காலமானார். மோபியஸும் அன்றே.

உங்கள் தயக்கங்கள் எனக்குத் தெரியும். ‘வீட்டில் பிள்ளைகள் புரட்டுவார்களே’ என்பது முதலாவது. நியாயமான கவலை. மோபியஸின் பக்கங்களில் நிர்வாணம் உண்டு. ஆர்ஸாக்கின் முதல் கதையிலேயே உண்டு. அதற்கு வழி, அட்டையில் ‘பெரியவர்களுக்கு’ என்று அச்சிடுவதும், நாம் அதை மேல் தட்டில் வைப்பதும்தான். படத்தின் மேல் கறுப்பு மை பூசச் சொல்லிக் கேட்காதீர்கள். கோட்டுக்காகவே வாழ்ந்தவரின் கோட்டை மறைத்துவிட்டு நாம் எதைப் படிக்கப் போகிறோம்? இரண்டாவது தயக்கம் விலை. வண்ணத்தில், நல்ல தாளில், பெரிய அளவில் அச்சிட்டால் விலை ஏறத்தான் செய்யும். ஆனால் ‘மின்னும் மரணம்’ என்ற அந்தக் குண்டு புக்குக்கு நாம் கொடுத்த பணத்தை எண்ணிப் பாருங்கள். மனம் வைத்தால் நாம் கொடுப்பவர்கள்தான். தவிர, ஆர்ஸாக்கில் மொழிபெயர்க்க வசனமே இல்லை. பிரெஞ்சு வாசகன் படித்த அதே புத்தகத்தை ஒரு புள்ளி மாறாமல் மதுரை வாசகரும் படிக்கலாம். மூன்றாவது, ‘டைகர் மாதிரி இருக்காதே’ என்பது. இருக்காது. டைகரின் முன்பாதியும் பின்பாதியுமே ஒன்று மாதிரி இல்லை என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன். அதை ஏற்றுக்கொண்ட நீங்கள் இதையும் ஏற்பீர்கள்.

தமிழில் காமிக்ஸ் பதிப்பு எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கடைக்குப் போகும் பிரதிகளைவிடச் சந்தாவும் முன்பதிவும்தான் அதைத் தாங்குகின்றன. எது வர வேண்டும் என்பதில் உங்கள் குரலுக்கு இருக்கும் பலம் வேறு எந்த வாசகர் கூட்டத்துக்கும் இல்லை. ஒரு கதை பிடிக்கவில்லை என்று நூறு பேர் எழுதினால் அந்த வகைக் கதையே அடுத்த ஆண்டு அட்டவணையில் இருக்காது. அந்தப் பலத்தைப் புதியதைத் தடுப்பதற்கு மட்டும் பயன்படுத்தி வந்திருக்கிறோமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை டைகரைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும் ழான் ழிரோவின் பெயரைச் சொல்லுங்கள். ஷார்லியேயின் பெயரைச் சொல்லுங்கள். எந்தக் கட்டம் உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று பக்க எண்ணோடு எழுதுங்கள். பதிப்பாளர்கள் அடுத்த ஆண்டுக்கான பட்டியலுக்கு உங்கள் விருப்பம் கேட்கும்போது, டைகர் மறுபதிப்போடு சேர்த்து மோபியஸின் ஒரு புத்தகத்தையும் கேளுங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று குழப்பம் வந்தால் இன்காலைக் கேளுங்கள்; துணிவிருந்தால் ஆர்ஸாக்கைக் கேளுங்கள். அறிவிப்பு வந்தால், விமர்சனங்களுக்குக் காத்திருக்காமல், ‘மின்னும் மரண’த்துக்குச் செய்தது போலவே முன்பதிவு செய்யுங்கள். புத்தகம் கைக்கு வந்த பிறகு முதல் வாசிப்பில் பிடிக்கவில்லை என்றால் உடனே தீர்ப்பு எழுதிவிடாமல், இரண்டாவது முறை எழுத்தை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் தாராளமாகத் திட்டுங்கள்; பார்த்துவிட்டுத் திட்டுவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

தோழமையுடன்,
டைகர் வாசகர்களில் ஒருவன்